வாசகர் கேள்வி – பதில்: குன்றின் மேல் ஒரு பேய் வீடு

பழைய பேய்ப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 1959இல் வெளிவந்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' என்ற அமெரிக்கப் படத்தைச் 'சுமாரான படம். ஆனாலும் ஒருமுறை பார்க்கலாம்' என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியை விளக்கும்படி கேட்டு வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: படத்தைப் பார்க்காதவர்களுக்கும் விளங்கும்படி, முடிவை மட்டும் மறைத்துக் கதையைச் சொல்வீர்களா? – வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபிரெடரிக் லோரன் பெரும் பணக்காரர். தம் நான்காவது மனைவி அனபெல்லின் பெயரைச் சொல்லி, ஏழு பேர் கொலையுண்டதாகப் பேசப்படும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கே இரவு விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். முன்பின் அறிமுகமில்லாத ஐந்து பேருக்கு அழைப்பு போகிறது: விமானி ஒருவர், பத்திரிகையில் பத்தி எழுதும் பெண்மணி ஒருவர், மனநல மருத்துவர் டிரென்ட், லோரனின் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண் நோரா, அந்த வீட்டின் உரிமையாளரும் எந்நேரமும் மதுக்கோப்பையோடு நடுங்கிக்கொண்டிருப்பவருமான பிரிச்சர்ட். விடியும்வரை வீட்டுக்குள் தங்குபவருக்குத் தலைக்குப் 10,000 டாலர் தரப்படும் என்பது விருந்தின் நிபந்தனை. காலியான சவ ஊர்தி முன்னே செல்ல, விருந்தினர்கள் இறுதி ஊர்வலத்துக் கார்களில் வந்து இறங்குகிறார்கள். கதவுகள் பூட்டப்பட்ட பிறகு வெளியே போக வழியில்லை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வீட்டில் தொலைபேசியும் கிடையாது. விருந்துப் பரிசாக ஒவ்வொருவருக்கும் பொம்மைச் சவப்பெட்டியில் வைத்த கைத்துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது.

வந்தவர்கள் எல்லோருக்கும் பணம் தேவை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கொல்லத் தயங்காதவர்கள் என்பது அவர்களுடைய முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே ஆவியை நினைத்து அஞ்சுவதா, துப்பாக்கி வைத்திருக்கும் மனிதரை நினைத்து அஞ்சுவதா என்ற இரண்டு சந்தேகங்களோடு நாம் படத்துக்குள் நுழைகிறோம். ராப் ஒயிட் எழுதிய திரைக்கதையில் மிகத் திறமையாக அமைந்த பகுதி இந்தத் தொடக்கந்தான்.

கேள்வி: இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் அதைச் 'சுமாரான படம்' என்று ஏன் தாழ்த்தினீர்கள்? என் தந்தைக்கு அது மிகவும் பிடித்த படம். – வாசகர், திருநெல்வேலி

பதில்: தங்கள் தந்தையாரின் விருப்பத்தை நான் மதிக்கிறேன், அவர் எதற்காக விரும்புகிறாரோ அதற்காகவே நானும் அந்தப் படத்தை மீண்டும் பார்ப்பேன். இருந்தாலும் குறைகளைச் சொல்லாமல் விடுவது விமரிசனம் ஆகாது.

முதல் குறை, விருந்தினர்களை அறிமுகப்படுத்திய பிறகு அவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லாமல் போவது. பத்தி எழுதும் அந்தப் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சூதாட்டக் கடனால் பணத்துக்கு அலைபவர் என்று சொல்லப்படும் அவர் கதையை எந்தப் பக்கமும் நகர்த்துவதில்லை. கூரையிலிருந்து அவருடைய கையில் இரத்தம் சொட்டுகிறது, அவர் அதைத் துடைத்துக்கொள்கிறார், ஏறக்குறைய அவ்வளவுதான். படத்தின் நடுப்பகுதியில் எல்லோரும் தத்தம் அறைக்குப் போவதும், அலறல் கேட்டு ஓடிவருவதும், மறுபடி அறைக்குப் போவதுமாகக் கணிசமான நேரம் கழிகிறது. படத்தின் மொத்த நீளமே 75 நிமிடந்தான் என்பதை நினைத்தால் இந்தத் தொய்வு பெரிதாகவே தெரியும்.

இரண்டாவது குறை, பயமுறுத்தும் பொருள்களின் தரம். நோராவின் பெட்டிக்குள் இருக்கும் வெட்டுண்ட தலையைப் பார்த்தவுடனே அது செய்துவைத்த தலை என்று தெரிந்துவிடுகிறது. இயக்குநர் வில்லியம் காஸில் அதை நொடிப்பொழுது மட்டும் காட்டி மறைத்திருந்தால் நம் கற்பனை மிச்சத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். அவரோ நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் நிறுத்திக் காட்டுகிறார். பின்னணி இசையும் அப்படித்தான். எங்கே பயப்பட வேண்டும் என்று முன்கூட்டியே உரக்க அறிவித்துவிடுவதால், அச்சம் வந்து சேரும் நேரத்தில் நாம் அதற்குத் தயாராகி இருக்கிறோம்.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான குறை கதையின் தருக்கத்தில் இருக்கிறது. அதைப் பேச முடிவைச் சொல்லியாக வேண்டும் என்பதால் அடுத்த கேள்விக்கு விட்டுவைக்கிறேன்.

கேள்வி: அந்த வீட்டில் உண்மையில் பேய் உண்டா, இல்லையா? முடிவைப் பார்த்த பிறகும் எனக்குத் தெளிவாகவில்லை. – வாசகி, ஈரோடு

பதில்: (படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.)

கதையின்படி அன்றிரவு நடந்த கொடுமைகள் மனிதர் செய்தவை. அனபெல்லும் மருத்துவர் டிரென்டும் கள்ளக் காதலர்கள். நோராவை விதவிதமாகப் பயமுறுத்திப் பித்துப் பிடித்தவள்போல் ஆக்கி, அவள் கையாலேயே லோரனைச் சுட வைத்துவிட்டால், கொலைப்பழி அவளைச் சேரும், சொத்து தங்களுக்கு வரும் என்பது அவர்களுடைய திட்டம். லோரன் இதை முன்பே அறிந்து நோராவின் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு வைக்கிறார். செத்ததுபோல் விழுந்து, தம்மை நிலவறையின் அமிலத் தொட்டியில் தள்ள வந்த டிரென்டை அதே தொட்டிக்கு இரையாக்குகிறார். பிறகு கயிறுகளால் இயக்கப்படும் எலும்புக்கூட்டைக் காட்டி அனபெல்லையும் அதில் விழச் செய்கிறார்.

இந்தத் திருப்பத்துக்குப் படம் நேர்மையாகவே முன்னேற்பாடு செய்திருக்கிறது. தொடக்கத்தில் பிரிச்சர்ட் விருந்தினர்களை நிலவறைக்கு அழைத்துச் சென்று, செத்த எலி ஒன்றை அந்தத் தொட்டியில் போட்டு, சதை கரைந்து எலும்பு மட்டும் மேலே மிதப்பதைக் காட்டுவார். அந்த எலியை அங்கே காட்டியிருப்பதால்தான் இறுதியில் எலும்புக்கூடு தொட்டியிலிருந்து எழும்போது அனபெல் அதை நம்புவதை நாமும் நம்புகிறோம். மலிவான படம் என்று ஒதுக்குபவர்கள் கவனிக்கத் தவறும் நல்ல வேலைப்பாடு இது.

தருக்கம் உடைவது வேறிடத்தில். ஜன்னல் வழியே கயிறு ஒன்று தானாக ஊர்ந்து வந்து நோராவின் பாதங்களைச் சுற்றிக்கொள்கிறது. தூக்கில் தொங்கி இறந்ததாக அதற்குமுன் நாடகமாடிய அனபெல்லின் உருவம், மின்னல் வெட்டும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிறது. இரண்டு சதிகாரர்கள், அதிலும் ஒருவர் பெரும்பாலான நேரம் மற்ற விருந்தினர்களோடு இருப்பவர், இதை எப்படிச் செய்தார்கள்? படத்தில் விளக்கம் இல்லை. நோரா சரியான நேரத்தில், துப்பாக்கியோடு, தனியாக நிலவறைக்குப் போவாள் என்று அவர்கள் எதை வைத்து நம்பினார்கள் என்பதற்கும் விடை இல்லை. பேயைக் காரணம் காட்டும் கதையில் இத்தகைய ஓட்டைகளை நாம் மன்னித்துவிடலாம். எல்லாம் மனிதர் வேலை என்று முடிக்கும் கதை ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். தங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் தங்கள் கவனக்குறைவால் வந்ததன்று. போதாததற்கு, ஆவிகள் நெருங்கி வருகின்றன என்று பிரிச்சர்ட் நம்மை நேராகப் பார்த்துச் சொல்வதோடு படம் முடிகிறது. இரண்டு விதமாகவும் முடிக்க ஆசைப்பட்ட படம், எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவிவிட்டது என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் அதை ஏன் பார்க்க வேண்டும்? – வாசகர், சேலம்

பதில்: வின்சென்ட் பிரைஸுக்காகப் பார்க்க வேண்டும்.

லோரனாக நடிக்கும் பிரைஸ் ஒரு சொல்லைக்கூட உரத்துப் பேசுவதில்லை. உயரமான உருவம், மெல்லிய மீசை, பட்டுப்போன்ற குரல், எதிரே நிற்பவரை உபசரிப்பதுபோலவே மிரட்டும் புன்னகை ஆகியவற்றைக் கொண்டு, இவர் நல்லவரா கொலைகாரரா என்ற ஐயத்தை இறுதிவரை காப்பாற்றுகிறார். கரோல் ஓமார்ட் நடித்த அனபெல்லோடு அவர் அறையில் தனியாகப் பேசும் காட்சி முழுப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவள் முன்னொரு முறை தமக்கு நஞ்சு வைத்ததை, இருவரும் சேர்ந்து போய்வந்த சுற்றுலாவை நினைவூட்டுவதுபோல் அவர் குறிப்பிடுவார். அவளும் சற்றும் கூச்சமின்றி அதைக் கேட்டுக்கொண்டு தலை வாருவாள். எந்தப் பேயும் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் அந்த வீட்டின் உண்மையான குளிர் நமக்குத் தெரிகிறது. பிரிச்சர்டாக வரும் எலிஷா குக்கையும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே எச்சரிக்கையைச் சொல்லும் பாத்திரம் அது. வேறு நடிகரிடம் போயிருந்தால் சலித்திருக்கும். குக் அதை உள்ளூர உடைந்துபோன மனிதராக்கிவிடுகிறார்.

அடுத்து, உண்மையாகவே தூக்கிவாரிப்போடும் இடம் ஒன்று உண்டு. நிலவறையில் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நோரா சற்றே திரும்பும்போது, வெளுத்த விழிகளோடும் விரித்த விரல்களோடும் ஒரு கிழவி அவளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். இசை முன்கூட்டி எச்சரிக்காத அபூர்வமான இடங்களில் இது ஒன்று. அடுத்த நொடி அந்தக் கிழவி கால் பெயர்த்து நடக்காமல், சக்கரப் பலகையில் நிறுத்தி இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டே அறையை விட்டு வெளியேறுகிறாள். அந்த நகர்வுதான் காட்சியைக் காப்பாற்றுகிறது. முகத்தைப் பார்த்த அதிர்ச்சி ஒரு கணத்தில் அடங்கிவிடும். மனித உடல் அப்படி நகராது என்ற உணர்வு அடங்க நேரமாகிறது. பின்னர் அவள் வீட்டுக் காவலரின் கண்பார்வையற்ற மனைவி என்று எளிய விளக்கம் தரப்படுகிறது. விளக்கம் வந்த பிறகும் அந்த நகர்வு மனத்தை விட்டுப் போவதில்லை.

கேள்வி: இந்தப் படம் ஓடியபோது திரையரங்குக்குள் எலும்புக்கூடு பறந்ததாகப் படித்தேன். உண்மையா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மை. 'எமர்கோ' என்று அதற்குப் பெயரிட்டு விளம்பரம் செய்தார்கள். திரையில் எலும்புக்கூடு அமிலத் தொட்டியிலிருந்து எழும் நேரத்தில், திரைக்குப் பக்கத்தில் மறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கண்குழிகள் சிவப்பாக ஒளிர, கம்பியில் தொங்கியபடி பார்வையாளர்களின் தலைக்கு மேலே சென்று திரும்பும். வசதியுள்ள அரங்குகளில் மட்டும் இதைப் பொருத்தினார்கள். செய்தி பரவிய பிறகு சிறுவர்கள் அந்த எலும்புக்கூட்டின்மீது எறிவதற்கென்றே கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்களாம்.

காஸிலுக்கு இது முதல் முயற்சியும் இல்லை, கடைசி முயற்சியும் இல்லை. தம் வீட்டை அடகு வைத்து எடுத்த 'மக்காபர்' (1958) படத்துக்கு வந்தவர்களுக்கு, படம் பார்க்கும்போது பயத்தால் இறந்தால் 1,000 டாலர் கிடைக்கும் என்று லண்டன் லாயிட்ஸின் காப்புறுதிப் பத்திரம் வழங்கினார். 'தி டிங்க்ளர்' (1959) படத்துக்குச் சில இருக்கைகளின் அடியில் சிறு மோட்டார்களைப் பொருத்தி அதிரச் செய்தார். 'ஹோமிசைடல்' (1961) படத்தில் உச்சக்கட்டத்துக்கு முன் 45 நொடி இடைவெளி விட்டு, பயந்தவர்கள் எழுந்து போகலாம், பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார். தொலைக்காட்சி வந்து கூட்டத்தை வீட்டோடு நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. திரையரங்குக்கு வந்தால் மட்டுமே கிடைக்கும் அனுபவம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் இருந்தது. பெரிய நிறுவனங்கள் அகலத்திரையில் செலவழித்தன, காஸிலிடம் அந்தப் பணம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் ஒரு குறைக்கும் காரணம் விளங்கும். எலும்புக்கூடு வரும் காட்சி தேவைக்கு மேல் நீள்வதாகவும், அந்த இடத்தில் திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காததாகவும் வீட்டில் பார்ப்பவருக்குத் தோன்றும். அரங்கில் இருந்தவர்களின் கண் அப்போது திரையில் இல்லை, தலைக்கு மேலே இருந்தது. அந்தக் காட்சியின் பாதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி: படத்தில் வரும் அந்த விசித்திரமான வீடு எங்கே இருக்கிறது? இப்போதும் இருக்கிறதா? – வாசகி, புதுச்சேரி

பதில்: இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லாஸ் ஃபீலிஸ் பகுதியில் குன்றின்மேல் நிற்கும் 'எனிஸ் ஹவுஸ்' அது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1924இல் கட்டப்பட்டது. மெக்சிகோவின் பழைய மாயா கோயில்களை நினைவூட்டும் புடைப்பு வேலைப்பாடு கொண்ட கான்கிரீட் கட்டிகளை ஆயிரக்கணக்கில் வார்த்து அடுக்கிய வீடு. 1994 நிலநடுக்கத்தில் சேதமடைந்து பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

பேய் வீடு என்றால் கூரான கோபுரமும் இற்றுப்போன மரப்படிகளும்தான் வழக்கம். பாறையைச் செதுக்கியதுபோல் முகமற்று நிற்கும் இந்தக் கட்டடத்தைத் தேர்ந்தது காஸிலின் நல்ல முடிவு. ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனதும் அந்த நன்மை காணாமல் போகிறது. உட்புறக் காட்சிகள் எல்லாம் அரங்கில் போட்ட செட்டில் எடுக்கப்பட்டவை. அங்கே இருப்பது விக்டோரியா காலத்து மாளிகையின் திரைச்சீலையும் சரவிளக்கும் எரிவாயு விளக்குமே. வெளியே ஒரு வீடு, உள்ளே இன்னொரு வீடு. கதையில் நூறாண்டுப் பழைமை சொல்லப்படும் அந்த வீட்டுக்குப் படம் வெளிவந்தபோது உண்மையான வயது 35.

கேள்வி: ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' உருவாக இந்தப் படம் காரணமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: காரணம் என்பது மிகையாகும், தூண்டுதல்களில் ஒன்று எனலாம். குறைந்த செலவில் எடுத்த இத்தகைய கறுப்பு-வெள்ளைத் திகில் படங்கள் நன்றாக வசூலிப்பதை ஹிட்ச்காக் கவனித்தார் என்றும், கைதேர்ந்த ஒருவர் அதே செலவில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார் என்றும் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1960இல் 'சைக்கோ' வந்தது. படம் தொடங்கிய பிறகு யாருக்கும் அனுமதியில்லை என்று ஹிட்ச்காக் விதித்த விளம்பரக் கட்டுப்பாட்டில் காஸிலின் பாணி தெரிகிறது. மறு ஆண்டே காஸில் 'ஹோமிசைடல்' படத்தை 'சைக்கோ'வின் சாயலில் எடுத்தார். கடன் இரு பக்கமும் இருந்தது.

கேள்வி: 1999இல் வந்த மறு ஆக்கம் இதைவிட மேலானதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செலவில் மேலானது. வில்லியம் மலோன் இயக்கத்தில், காஸிலின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட 'டார்க் காஸில்' நிறுவனத்தின் முதல் படமாக அது வந்தது. பரிசுத் தொகை ஆளுக்குப் பத்து லட்சம் டாலராக உயர்ந்தது. விருந்து வைப்பவரின் பெயர் வின்சென்ட் பிரைஸின் நினைவாக ஸ்டீவன் பிரைஸ் ஆயிற்று. வீடு முன்னொரு காலத்தில் கொடூரமான மருத்துவர் ஒருவர் நடத்திய மனநோய் விடுதியாக மாற்றப்பட்டது. பேய் உண்டா இல்லையா என்ற குழப்பத்துக்கே இடமில்லை, உண்டு என்று படம் ஒத்துக்கொள்கிறது. இதனால் பழைய கதையின் தருக்க ஓட்டைகள் அடைபடுகின்றன.

ஜெஃப்ரி ரஷ்ஷும் ஃபாம்கே யான்சனும் கணவன் மனைவியாக மோதிக்கொள்ளும் காட்சிகளுக்காகவும், பாழடைந்த சிகிச்சை அறைகளில் உருவங்கள் வெட்டி வெட்டி அசையும் சில நல்ல காட்சிகளுக்காகவும் முக்கால் பங்குப் படத்தைப் பார்க்கலாம். கடைசிக் கால் பகுதியில், அதுவரை சேர்த்துவைத்த அச்சத்தை எல்லாம் கணினியில் வரைந்த கரிய புகைப்பிண்டம் ஒன்று விழுங்கிவிடுகிறது. காஸிலின் எலும்புக்கூட்டில் கயிறு தெரிந்தாலும் கதையில் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர் யார் என்பதற்கு ஒரு பொருள் இருந்தது. இந்தப் பிண்டத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

கேள்வி: உண்மையாகவே அச்சம் தரும் பேய் வீட்டுப் படம் ஒன்றைச் சொல்லுங்கள். – வாசகி, மதுரை

பதில்: ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி ஹாண்டிங்' (1963). காஸிலின் படம் வெளிவந்த அதே 1959இல் ஷெர்லி ஜாக்சன் எழுதிய நாவலைத் தழுவியது. இங்கிலாந்தின் எட்டிங்டன் பார்க் மாளிகையை வெளிப்புறத்துக்குப் பயன்படுத்தினார்கள். இதிலும் சிலர் ஒரு வீட்டில் தங்குகிறார்கள், இரவில் கதவுகள் இடிக்கப்படுகின்றன. ஆனால் எந்த ஆவியையும் வைஸ் காட்டுவதில்லை. மூடிய கதவு மூச்சு விடுவதுபோல் உட்புறமாகப் புடைத்து அடங்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்தபின் காஸிலின் வெட்டுண்ட தலையை நினைத்துப் பாருங்கள், கைவினைக்கும் கலைக்கும் உள்ள தூரம் விளங்கும். முதலில் காஸிலின் படத்தையும் மறுநாள் வைஸின் படத்தையும் பார்ப்பது நல்ல வரிசை.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா? எந்தப் பிரதி நன்றாக இருக்கும்? – வாசகர், வேலூர்

பதில்: பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பார்க்கலாம். தூக்கில் தொங்கும் உருவமும் நிலவறைக் கிழவியும் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் படம் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டது. அதனாலேயே மங்கலும் கீறலுமான பிரதிகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பின்னாளில் வண்ணம் ஏற்றிய பிரதி ஒன்றும் உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். நிழலை நம்பி ஒளியமைத்த காட்சிகள் அதில் தட்டையாகிவிடுகின்றன. செப்பனிட்ட கறுப்பு-வெள்ளைப் பிரதியைத் தேடி எடுத்து, அறை விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் திரை முழுதும் இருண்டிருக்கும்போது அலறல் மட்டும் கேட்கும். திரையில் கோளாறு என்று எண்ணி நிறுத்திவிட வேண்டாம்.